பெட்டியில் பாதி பிறத்தியாருக்கு

பீரோவின் அடித்தட்டைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. மகளுக்குச் சுருக்குப் பை ஒன்று வேண்டுமாம், கம்மலும் பொட்டு அட்டையும் போட்டுக்கொள்ள. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து துழாவிக்கொண்டிருந்தார். மகள் பெங்களூருக்குக் கிளம்புகிறாள். விடிகாலையில் மதுரையிலிருந்து வரும் வந்தே பாரத்தில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பெங்களூர். ஞாயிறு ராத்திரி பஸ் பிடித்தால் திங்கள் காலை வீடு. 2024 ஆகஸ்ட் கடைசியில் அந்த வண்டி ஓட ஆரம்பித்ததிலிருந்து, சனி ஞாயிறு வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் ஊரில் கூடித்தான் போயிருக்கிறார்கள்.

கட்டிலின் மேல் முதுகுப் பை ஒன்று வாயைத் திறந்து கிடந்தது. ஒரு கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, குர்தா ஒன்று, சின்னாளபட்டிச் சேலை ஒன்று. எல்லாவற்றையும் இறுக்கச் சுருட்டி அடுக்கியிருந்தாள். அதற்கு மேலும் பையில் ஒரு சாண் இடம் மிச்சம்.

"இம்புட்டுத்தானா?"

"ரெண்டு நாளைக்கு இதுவே ஜாஸ்திம்மா."

"போற வீட்டுக்கு ஒண்ணும் எடுத்து வைக்கலையா?"

"யாரு வீட்டுக்கு? நான் ஹோட்டல்லதான தங்கப்போறேன்."

அம்மாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பீரோவுக்கு அடியில், தூசி படிந்த பழைய வி.ஐ.பி. சூட்கேஸின் ஒரு மூலை தெரிந்தது. அதன் கைப்பிடியில் ஒரு துண்டுச் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

உடுப்பைக் குறைவாக எடுத்துப் போகிற வித்தையை யாரோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் இப்போதைய பிள்ளைகள் பேசும்போது அவருக்குச் சிரிப்பு வரும். அவருடைய அப்பா பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதியவர். திண்டுக்கல்லில் பதனிடும் தோலுக்குச் சென்னைப் பெரியமேட்டில்தான் வியாபாரம். முதலாளிக்காக அடிக்கடி மெட்ராஸ் போய்வருவார். அவர் கையில் இருந்தது ஒரே ஒரு ரெக்ஸின் பை. எட்டு முழ வேட்டி ஒன்று, வெள்ளைச் சட்டை இரண்டு, உள்ளாடை, சவர சாமான், பல்பொடிப் பொட்டலம், கணக்கு நோட்டு. தோளில் ஒரு துண்டு. முடிந்தது மூட்டை.

அந்தத் துண்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிக்க அதுதான். உட்கார்ந்த பிறகு முகம் துடைக்க, மடியில் விரித்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க, ராத்திரி சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்ள, விடிந்ததும் குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ள. பெரியமேட்டில் முதலாளிமார் முன்னால் போய் நிற்கும்போது மட்டும் அது வேறு துண்டாகிவிடும். பைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வெளுத்த துண்டு அப்போதுதான் வெளியே வரும்.

வண்டியில் போகும்போது அவர் வெள்ளை உடுத்த மாட்டார். அது கரி எஞ்சின் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், சட்டையெல்லாம் கறுப்புப் பொட்டு. ஆகவே பயணத்துக்கு ஒரு பழுப்புச் சட்டையும் கைலியும். எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்து, பித்தளைச் செம்பில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கிச் சட்டையின் மேல் அழுத்தித் தேய்த்து, காலரில் ஒரு சுருக்கம் இல்லாமல் உடுத்திக்கொண்டு தெருவில் இறங்கினால், பார்க்கிறவர் யாரும் ராத்திரி முழுக்க ரயிலில் வந்த மனுஷன் என்று சொல்ல முடியாது. இதை அப்பாவே சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். மூட்டையே வேண்டாம், மேல்சட்டையும் வேண்டாம் என்று முடிவுகட்டிய பயணி ஒருவரும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று முழத்துண்டுக்கு மாறியது பக்கத்து மதுரையில், மேலமாசி வீதி வீட்டில்தான். அப்பா அந்தளவுக்குப் போகவில்லை.

ஆசிரியையின் அம்மாவுடைய முறை இன்னும் நேர்த்தி. ஒரு சேலை, அதற்கான ரவிக்கை, பாவாடை மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துச் சுருட்டி, பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயை நாடாவால் கட்டிவிடுவார். ஒரு நாளைக்கு ஓர் உறை. எந்த ஊரில் இறங்கினாலும் ஓர் உறையை மட்டும் உருவினால் போதும், பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டியதில்லை. அழுக்கானது அதே உறைக்குள் திரும்பப் போகும். இன்றைக்கு மகள் ஆன்லைனில் நைலான் வலை வைத்த குட்டிப் பைகளை செட்டாக வாங்கி வைத்திருக்கிறாள். வேலை அதே வேலைதான்.

ஆக, உடுப்பு எந்தக் காலத்திலும் பாரமாக இருந்ததில்லை. குடும்பத்தோடு கிளம்பும்போது ஜங்ஷன் வரை குதிரை வண்டியை நிறைத்தது வேறு சாமான்கள்.

அதற்கான பட்டியல் ஊர் எல்லையிலிருந்து ஆரம்பிக்கும். சிறுமலை வாழைப்பழம் இரண்டு சீப்பு, போய்ச் சேரும்போது பழுக்கிற பக்குவத்தில் செங்காயாக. புரட்டாசி ஐப்பசி என்றால் ஆயக்குடிக் கொய்யா. வத்தலக்குண்டு வெற்றிலை ஒரு கவுளி, மெட்ராஸ் வெற்றிலை வாய்க்கு ஒட்டவில்லை என்று புலம்புகிற பெரியம்மாவுக்கு. பழனிப் பஞ்சாமிர்தம் டப்பாவில். சீரகச் சம்பா அரிசி நாலு படி. ஒட்டன்சத்திரத்திலிருந்து யாராவது வந்திருந்தால் ஒரு கட்டு முருங்கைக்காய். மெட்ராஸில் முருங்கைக்காய் கிடைக்காதா என்று கேட்டால் அப்பத்தாவுக்குக் கோபம் வரும். "கெடைக்கும்த்தா. நம்ம கொண்டுபோறதும் கெடைக்கிறதும் ஒண்ணா?"

நிலக்கோட்டை மல்லி தனி உபசாரம் கேட்கும். வாழை மட்டையை நீளவாக்கில் பிளந்து, உள்பக்கம் தண்ணீர் தெளித்து, அரும்பாகவே கட்டிய சரத்தை அதற்குள் சுருட்டி வைத்து, மேல் மட்டையால் மூடி வாழைநாரால் மூன்று இடத்தில் கட்டுவார்கள். அதை ரயில் ஜன்னல் கம்பியில் காற்றுப் படும்படி தொங்கவிட வேண்டும். விழுப்புரம் தாண்டும்போது பெட்டி முழுக்க மணக்கும். எதிர் சீட்டு அம்மா ஒரு முழம் கேட்பாள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். பூவைக் கேட்டு இல்லையென்று சொல்லலாமா? எழும்பூர் போய்ச் சேரும்போது பாதிச் சரம்தான் இருக்கும்.

இவையெல்லாம் பிளாஸ்டிக் வயர் கூடையில். அந்தக் கூடைகளை வீட்டிலேயே பின்னுவார்கள். பச்சையும் வெள்ளையும் கலந்த ஒரு பின்னல் அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் இருந்ததால், பிளாட்பாரத்தில் யார் கூடை யாருடையது என்று சண்டை வராத நாளில்லை.

மெட்ராஸில் சித்தப்பா வீட்டில்தான் தங்கல். ஹோட்டலில் தங்கினால் அவமானம், அவர்களுக்கும் நமக்கும். சோறு போட்டு, பாய் விரித்து, கூடவே வந்து பட்டணத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களுக்குக் கையை வீசிக்கொண்டா போவது? ரெண்டு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் கூடையின் எடை ஒன்றுதான். திரும்பும்போது அதே கூடைகளில் சித்தி தன் பங்குக்கு நிரப்பி அனுப்புவாள். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்காத கணக்கு அது.

1977 ஆகஸ்ட் 15 அன்று வைகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது அவர் பள்ளிக்கூட மாணவி. அதுவரை மெட்ராஸ் என்றால் ராத்திரி வண்டி, தூக்கம், விழித்தால் வேறு ஊர். காலையில் திண்டுக்கல்லில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் எழும்பூரில் இறங்கிவிடலாம் என்பது ஊருக்கே அதிசயமாக இருந்தது. அந்த வண்டியில்தான் அவருடைய முதல் பட்டணப் பயணம். பதினாலு மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்தது, மூர் மார்க்கெட்டில் பழைய அட்லஸ் ஒன்றைப் பேரம் பேசி வாங்கியது, செத்த காலேஜும் உயிர்க் காலேஜும் பார்த்தது எல்லாம் அந்தப் பயணத்தில்தான். எழும்பூர் மியூசியத்துக்கும் மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சிசாலைக்கும் சென்னைவாசிகள் வைத்த பேர் அவை. 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் போனது. அதே வருஷம் மிருகக்காட்சிசாலை வண்டலூரில் திறந்தது. மகளிடம் உயிர்க் காலேஜ் என்று சொன்னால் எந்த யூனிவர்சிட்டியோடு சேர்ந்தது என்று கேட்கிறாள்.

அட்லஸைக் கொண்டுவருவதற்காக அவர் ஒரு பாவாடையைச் சித்தி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்கு இது ரொம்ப நாள் தெரியாது.

சூட்கேஸ் வந்தது கல்யாணத்துக்குப் பிறகு. சீரில் வி.ஐ.பி. சூட்கேஸ் இல்லாத கல்யாணமா என்று பேசிக்கொண்ட காலம் அது. தகர டிரங்குப் பெட்டி பரணுக்கு ஏறியது, கெட்டி பிளாஸ்டிக் ஓடு கீழே வந்தது. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் காலியாகவே கை இழுக்கும். அதைக் கவுரவத்தின் எடை என்று எண்ணித் தூக்கினார்கள்.

பூட்டு ஊரில் பிறந்து சூட்கேஸைப் பூட்டாமல் கொண்டுபோக முடியுமா? அதன் சொந்தப் பூட்டை ஊக்கு வைத்தே திறந்துவிடலாம் என்று இளக்காரமாகச் சொல்லி, பாண்டியன் எக்ஸ்பிரஸ் பயணம் ஒன்றுக்கு மாமா ஒரு மாங்காய்ப் பூட்டைக் கொண்டுவந்தார். மாங்காய் வடிவத்தில், உள்ளங்கை அளவு, இரும்பில் கையாலேயே ராவிச் செய்தது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் அந்த மாங்காய்ப் பூட்டின் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்ததற்குக் காரணம் அந்தப் பயணம்தான். மாமா சூட்கேஸ் கைப்பிடிக்கும் கீழ் பெர்த்தின் கம்பிக்கும் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு தூங்கினார். எழும்பூரில் சாவி இல்லை.

போர்ட்டர் ஒருவர் கல்லைக் கொண்டுவந்து தட்டிப் பார்த்தார். பூட்டில் கீறல் விழுந்ததோடு சரி. இன்னொருவர் கம்பியை விட்டு நெம்பினார், கம்பி வளைந்தது. மாமாவுக்குக் கவலையைவிடப் பெருமை அதிகமாகிக்கொண்டே வந்தது. "திண்டுக்கல் பூட்டுங்க. அதெல்லாம் தெறக்காது," என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பெருக்க ஆள் ஏறிவிட்டார்கள். கடைசியில் பூட்டை விட்டுவிட்டுச் சங்கிலியைத்தான் ரம்பம் போட்டு அறுத்தார்கள். அறுந்த சங்கிலியும் பூட்டும் கைப்பிடியில் தொங்க, ஜல் ஜல்லென்று சத்தத்தோடு மாம்பலம் வரை மின்சார ரயிலில் போனது சூட்கேஸ். உள்ளே இருந்தது மூன்று பேருக்கு இரண்டு நாள் உடுப்பும், பஞ்சாமிர்த டப்பாக்களும்.

பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்கிற யோசனை இவ்வளவு தாமதமாக மனுஷ மூளைக்கு எட்டியது ஏன் என்று அவருக்கு இன்றைக்கும் புரிவதில்லை. நிலவில் ஆள் நடந்தது 1969-ல். சக்கரம் வைத்த சூட்கேஸுக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ காப்புரிமை வாங்கியது 1972-ல். அதையும் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. நிமிர்த்தி நிறுத்திக் கைப்பிடியை நீட்டி இழுக்கிற வகையை ராபர்ட் பிளாத் என்ற விமானி உருவாக்கியது 1987-ல். அது திண்டுக்கல் ஜங்ஷனுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம். அதுவரை தலையில் சும்மாடு கட்டிய போர்ட்டர்கள்தான் இந்த ஊரின் சக்கரங்கள். இப்போது விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் கடகடவென்று சத்தம் கேட்டால் யாரோ வந்தே பாரத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். தெருநாய்களுக்கு அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை.

மஞ்சப்பையின் கதைதான் எல்லாவற்றையும்விட வேடிக்கை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, மணமக்கள் பேரும் தேதியும் அச்சடித்தது. செருப்பைப் போட்டுக்கொள்ள, ஈரத் துணியைத் திணிக்க, பெரிய பையில் அடங்காததை அடக்க அதுதான். ஆனால் எழும்பூரில் இறங்கும்போது அதைக் கையில் பிடிக்கக் கூடாது. மஞ்சப்பையோடு இறங்கினால் ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்பார் என்று அப்பா எச்சரிப்பார். கிராமத்தான் என்று முத்திரை குத்த அந்த ஒரு நிறம் போதும். சினிமாவும் அப்படித்தான் காட்டியது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. கோயம்பேட்டில் காசு போட்டால் மஞ்சப்பை தரும் மெஷின் வைத்தார்கள். மகளிடம் இப்போது ஒன்று இருக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பெங்களூர் காபிக் கடையில் நின்று படம் எடுத்துப் போடுவாள். அப்பா இருந்திருந்தால் அந்தப் படத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்?

மகளின் பையைக் குறை சொல்ல முடியவில்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கறுப்பு பேன்ட்டுக்குக் குர்தாவும் சேரும், வெள்ளைச் சட்டையும் சேரும். அந்த வெள்ளைச் சட்டையே சேலைக்கு ரவிக்கையாகவும் மாறும். கனமான ஜீன்ஸும் ஷூவும் காலிலேயே ஏறிக்கொண்டு வரும், பையில் இடம் கேட்காது. துப்பட்டா ஏசி பெட்டியில் போர்வை. ஷாம்பூ இரண்டு ரூபாய்ப் பாக்கெட். விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் என்ற கட்டு அவளுக்குப் பழகிவிட்டது. ரயிலில் ஏசி சேர் காரில் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்று யார் சொன்னாலும் அவள் 7-ஐத் தாண்டுவதில்லை. டார்ச், அலாரம் கடிகாரம், கேமரா, விலாச நோட்டு, ரயில்வே கைடு என்று அந்த நாள் சூட்கேஸில் கால்வாசியை அடைத்திருந்தவை எல்லாம் ஒரு போனுக்குள் போய்விட்டன.

சேலையைத் தேர்ந்தெடுத்தது மட்டும் அம்மா. மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளபட்டி. அங்கே நெய்தது, பருத்தியில் சுங்குடிப் புள்ளி போட்டது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. மடித்தால் ஒரு புத்தகத்தின் தடிமன்கூட இல்லை. கசங்கினால் கசங்கினதாகவே இருக்கட்டும், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள் மகள். கஞ்சி போட்டு, நீவி, விறைப்பாகக் கட்டிய தலைமுறைக்கு இதை ஒப்புக்கொள்ளச் சிரமம்தான். ஆனால் போன தடவை பெங்களூரில் அந்த மாதிரிச் சேலையைக் கட்டிக்கொண்டு போனபோது இரண்டு பேர் எந்தக் கடையில் வாங்கியது என்று நிறுத்திக் கேட்டார்களாம்.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இன்றைக்குக் கூடை தேவையில்லை. 1957-ல் ஊரில் ஒரு சின்னக் கடையாக ஆரம்பித்த தலப்பாக்கட்டி பிரியாணி சென்னையிலேயே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. சீரகச் சம்பா பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் தொங்குகிறது. பஞ்சாமிர்தம் தபாலில் வருகிறது. சித்தப்பா வீட்டுக்காரர்களே இப்போது, வந்தால் ஒரு வேளை வெளியில் சாப்பிடலாம், தங்குவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்கிறார்கள். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு படுக்கையறை வீட்டில் பாய் விரிக்க இடம் ஏது? பை இளைத்துவிட்டது. எடுத்துப் போகிறவர் கை சும்மா இருப்பதற்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அந்தப் பழக்கத்தை அவரும் ஒருவிதத்தில் கற்றுக்கொண்டுதான் வருகிறார். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் நாலைந்து பேர் சேர்ந்து ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறார்கள். வைகை ஓட ஆரம்பித்த அதே 1977-ல் தொடங்கியது அந்தக் காட்சி. திண்டுக்கல்லிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது, அதற்கும் போவார்கள். ஆனால் சென்னைக் காட்சி நடக்கும் நந்தனத்துக்குப் போவது வேறு, அதில் ஊர் சுற்றலும் சேர்த்தி. ஆளுக்கு ஒரு பை, இரண்டு சேலை, தலையணை உறைக்குள். தங்குவது எழும்பூரில் ஒரு லாட்ஜ். முதல் தடவை போனபோது ஒரு டீச்சர் பழக்க தோஷத்தில் முறுக்கு டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கொடுக்க ஆள் இல்லாமல் லாட்ஜ் ரிசப்ஷன் பையனுக்குக் கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் அந்தப் பையன் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தான்.

போகும்போது பாதிப் பை காலி, வேண்டுமென்றே. திரும்பும்போது அது போதவில்லை. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் 'காவல் கோட்ட'த்தை ஒருத்தர் வாங்கினால் மற்றவரும் வாங்குகிறார். ஒரே பிரதியை வாங்கி மாற்றி மாற்றிப் படிக்கலாம் என்ற யோசனை கடைக்குள் நுழைந்ததும் மறந்துபோகிறது. சேலைகளை மஞ்சப்பைக்கு மாற்றிவிட்டுப் பெரிய பையில் புத்தகத்தை அடுக்கி, தோள்பட்டை இறங்க இறங்க எழும்பூர்ப் படிகளில் ஏறுகிறார்கள். கொரியரில் போட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. வாங்கின புத்தகத்தை வண்டியிலேயே பிரித்துப் படிக்காவிட்டால் எதற்கு வாங்குவது என்பது எதிர்க் கட்சி. அடுத்த ஜனவரிக்குப் பொதுவில் ஒரு சக்கரப் பெட்டி வாங்கலாமா, வாங்கினால் அது யார் வீட்டில் இருப்பது என்று அவர்களுடைய வாட்ஸப் குழுவில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது.